மனச்சோர்வு மாத்திரையும் பக்கவிளைவுகளும்: மருந்துக்கடை கவுன்ட்டரில் கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்க வருபவர்களைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கடையில் கூட்டம் கலையும்வரை ஓரமாக நிற்பார்கள். மருந்துச் சீட்டை மடித்தபடியே நீட்டுவார்கள். மாத்திரையைப் பையில் போட்ட பிறகுதான் குரலைத் தாழ்த்தி, "சார், இன்னொரு விஷயம்..." என்று ஆரம்பிப்பார்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதைத்தான் என்னிடம் கேட்பார்கள். அங்கே கேட்கக் கூச்சம், அல்லது நேரம் இருந்திருக்காது.

அப்படி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. அளவைக் கூட்டுவது, குறைப்பது, மருந்தை மாற்றுவது எல்லாம் அவர் முடிவு. எந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்குப் போன் செய்ய வேண்டும், எதற்கு உடனே ஆட்டோ பிடிக்க வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

இன்று ராத்திரி முதல் மாத்திரை. என்னவெல்லாம் வரும்?

இப்போது டாக்டர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின், பராக்செட்டின் போன்றவற்றில் ஒன்றாக இருக்கும். முதல் ஒன்றிரண்டு வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிறு இளகிப் போவது, வாய் உலர்வது, கை லேசாக நடுங்குவது, தூக்கம் கெடுவது ஆகியவை வரலாம். சிலருக்குப் படபடப்பு முன்பைவிடக் கொஞ்சம் கூடும். பயத்துக்காக மருந்து எடுக்க ஆரம்பித்தவருக்குப் பயமே கூடினால் எப்படி இருக்கும்! முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் மூன்றாம் நாளே மாத்திரைப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இதனால்தான் பல டாக்டர்கள் பாதி மாத்திரையில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து முழுதாக்குகிறார்கள்.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று: கொட்டாவி. தூக்கமே வராதபோதும் வாய் வலிக்க வலிக்கக் கொட்டாவி வரும். ராத்திரியில் பல்லைக் கடிப்பது, விசித்திரமான கனவுகள் வருவது இவையும் உண்டு. பயப்பட எதுவுமில்லை. ஆனால் காலையில் தாடை வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தொல்லை முதல் நாளே வந்துவிட்டது. குணம் மட்டும் ஏன் வரவில்லை?

மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் அளவை மருந்து சில மணி நேரத்திலேயே மாற்றிவிடும். உடம்பில் உள்ள செரட்டோனினில் பெரும்பங்கு குடலில்தான் இருக்கிறது. ஆகவே வயிறு முதலில் முரண்டு பிடிக்கிறது. மனநிலை மாறுவதற்கு மூளை அந்தப் புதிய அளவுக்குப் பழக வேண்டும். அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம்.

இந்த இடைவெளியில்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். கஷ்டம் மட்டும் கையில் இருக்கிறது, பலன் இன்னும் வரவில்லை. இரண்டாம் மாதத்துக்கு மாத்திரை வாங்க வராத முகங்களை நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். என்னைக் கேட்டால், மனச்சோர்வு சிகிச்சையில் பெரிய நஷ்டம் இந்தச் சத்தமில்லாத விலகல்தான். டாக்டருக்குத் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. மாத்திரை வேலை செய்யவில்லை என்று இவரே முடிவு கட்டிவிடுவார்.

பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்தேன். பயமாக இருக்கிறது.

அந்தத் தாளில், சோதனைக் காலத்தில் யாருக்கு எது வந்தாலும் எழுதி வைப்பார்கள். பாராசிட்டமால் தாளைப் படித்தாலும் இதே பயம்தான் வரும்.

குமட்டலுக்கு என்ன செய்வது?

வெறும் வயிற்றில் போடாதீர்கள். இட்லியோ தயிர் சாதமோ சாப்பிட்ட கையோடு போடுங்கள். காலையில் போட்டுக் குமட்டினால் இரவுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். இஞ்சிச் சாறு, சுக்கு எல்லாம் சிலருக்குக் கை கொடுக்கிறது, கெடுதல் இல்லை. செர்ட்ராலினில் வயிற்றுப்போக்கு மற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதல். அது இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் மருந்தை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். வயிற்றுப்போக்கு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டு காலம் தள்ள வேண்டாம்.

ராத்திரி கண் மூட முடியவில்லை. என் தங்கைக்கோ பகலெல்லாம் தூக்கம். ஒரே வியாதிக்கு ஏன் இப்படி?

இரண்டு பேருடைய பட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெயர் வேறாக இருக்கும். ஃபுளுவாக்செட்டின் போன்றவை சுறுசுறுப்பைக் கூட்டும். அதைக் காலையில் போட வேண்டும். மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் இரண்டும் தூக்கத்தை அழைத்து வரும். அவை இரவுக்கானவை. எஸ்சிட்டலோபிராம் ஆளைப் பொறுத்தது. தூக்கம் கெட்டால் காலையில் போடலாம், தூக்கம் வந்தால் இரவில் போடலாம். நேரத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். டாக்டருக்கு ஒரு போன் போதும்.

பகல் தூக்கம் உள்ளவர்கள் முதல் இரண்டு வாரம் வண்டி ஓட்டுவதைத் தள்ளிப் போடுங்கள். கிண்டி கத்திப்பாரா மேம்பாலத்தில் காலை நெரிசலில் ஒரு நொடி கண் சொருகினால் போதும். அந்த நாட்களில் மின்சார ரயிலோ மெட்ரோவோ நல்லது.

சும்மாவே சென்னையில் வியர்க்கும். இப்போது குளித்துவிட்டு வந்த உடனே சட்டை நனைகிறது.

மருந்தாலும்தான். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற செரட்டோனின் வகை மாத்திரைகளிலும், வென்லாஃபாக்சின், டுலாக்செட்டின் போன்றவற்றிலும் வியர்வை கூடும். ராத்திரி தலையணை நனைகிற அளவுக்குப் போகும். மற்ற பல தொல்லைகள் குறைந்தாலும் இது மாதக்கணக்கில் தொடர்வது உண்டு. பருத்திச் சட்டை, மின்விசிறிக்குக் கீழே படுப்பது, இரண்டு வேளைக் குளியல் எல்லாம் சமாளிக்க உதவும். தாங்கவில்லை என்றால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கிறது.

அக்னி நட்சத்திரத்தில் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் நேர்மாறாக வியர்வையைக் குறைக்கும். வியர்க்கவில்லை என்றால் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாது. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் வடகம் காயப்போடும் அம்மா இந்த மருந்தில் இருந்தால், அந்த வேலையைக் காலை ஏழு மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டு, சிலருக்கு மனச்சோர்வு மாத்திரையோடு, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தும் சேர்த்துத் தருவார்கள். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகிவிடும். அவர்கள் வெயிலில் அலையக் கூடாது, தண்ணீரும் வழக்கமான உப்பும் குறையக் கூடாது. வலிக்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கேட்காமல் போடவும் கூடாது. கைநடுக்கம், வாந்தி, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வாய் காய்ந்து கிடக்கிறது.

அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், சர்க்கரை இல்லாத சூயிங்கம், ஒரு துண்டு நெல்லிக்காய். இனிப்பு மிட்டாய் வேண்டாம். உமிழ்நீர் குறைந்த வாயில் பல் சொத்தை சீக்கிரம் வரும்.

எடை ஏறுமா?

எல்லா மாத்திரையிலும் ஏறாது. மிர்டாசபினில் பசி நன்றாக எடுக்கும், ராத்திரி பதினொரு மணிக்குப் பிரிட்ஜைத் திறக்க வைக்கும். அமிட்ரிப்டிலின், பராக்செட்டின் இரண்டிலும் ஏறும் வாய்ப்பு அதிகம். ஃபுளுவாக்செட்டினில் ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கவும் செய்யும். புப்ரோபியானில் ஏறுவது அபூர்வம். இன்னொன்றும் உண்டு. மாதக்கணக்கில் சாப்பாடே இறங்காமல் இளைத்துப் போனவர், மனம் தேறியதும் பழையபடி சாப்பிட்டு பழைய எடைக்கு வருவார். அதையும் மாத்திரை கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஆரம்பிக்கும் நாளில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். பிறகு மாதம் ஒருமுறை போதும். வேகமாக ஏறினால் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு குறைந்திருந்தால் எடையும் ஏறும், மனமும் சோரும். அங்கே மனச்சோர்வு மாத்திரை மட்டும் போதாது.

ஒன்று கேட்க வேண்டும், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை...

தாம்பத்தியம் பற்றித்தானே. அதிகம் பேருக்கு வருவதும், குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். ஆசை குறைவது, விறைப்பு சரியாக வராதது, விந்து வெளியேறத் தாமதம், பெண்களுக்கு உச்சம் வராமலே போவது, எல்லாமே இந்த வகை மாத்திரைகளின் அறியப்பட்ட விளைவுகள். உங்கள் ஆண்மைக்கோ மனைவி மேல் உள்ள அன்புக்கோ எதுவும் ஆகிவிடவில்லை. சொல்லப்போனால், விந்து சீக்கிரம் வெளியேறும் பிரச்சினைக்கு டாக்டர்கள் இதே வகை மாத்திரைகளையே மருந்தாகத் தருகிறார்கள்.

குமட்டலைப் போல இது தானாகப் போய்விடும் என்று காத்திருக்க முடியாது. சிலருக்குக் குறையும், பலருக்குக் குறையாது. டாக்டரிடம் வழிகள் இருக்கின்றன. அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பார். இந்தத் தொல்லை குறைவாக உள்ள புப்ரோபியான், மிர்டாசபின் போன்றவற்றுக்கு மாற்றுவார். ஆண்களுக்குச் சில்டெனாஃபில் சேர்ப்பதும் உண்டு. அதை மட்டும் என்னிடம் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதோடு இதைப் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அபூர்வமாகச் சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் இந்தத் தொல்லை நீடித்ததாகப் பதிவுகள் உண்டு. ஆகவே ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது மேல்.

பெண்கள் இதை என்னிடம் கேட்பதே இல்லை. கடையில் வேலை செய்யும் அக்காவிடம் கேட்கிறார்கள், அவரும் எப்போதாவதுதான் சொல்வார். டாக்டரிடம் வாயால் சொல்ல வரவில்லை என்றால் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். "இந்த மாத்திரைக்குப் பிறகு தாம்பத்தியத்தில் சிரமம்." இந்த ஒரு வரி போதும், மீதியை அவரே கேட்டுக்கொள்வார். கணவன் மனைவி ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்வதும் அவசியம். காரணம் தெரியாத பட்சத்தில், வேறு யாரோ இருக்கிறார்கள் என்று மனம் கற்பனை செய்ய ஆரம்பிக்கும்.

அழுகை நின்றுவிட்டது. ஆனால் சிரிப்பும் வரவில்லை.

சாவு வீட்டில் எல்லோரும் அழ, தான் மட்டும் மரம் மாதிரி நின்றதாக ஒரு வாடிக்கையாளர் சொன்னார். உணர்வு மரத்துப்போவது இந்த மருந்துகளில் அறியப்பட்டதுதான். பெரும்பாலும் அளவு கூடுதலாக இருப்பதன் அடையாளம், குறைத்தால் சரியாகிறது. ஆனால் மனச்சோர்வு முழுதாக நீங்காவிட்டாலும் இதேபோல இருக்கும். அப்போது செய்ய வேண்டியது நேர் எதிர். எது என்று பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை, நீங்களாகக் குறைத்துப் பார்க்காதீர்கள்.

இதற்கு அடிமையாகிவிடுவேனா?

தினமும் வரும் கேள்வி. முதலில் உங்கள் பட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. என்று மட்டும் இருந்தால் அது தனி மனச்சோர்வு மாத்திரை. "எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., குளோனசிபாம் 0.5 மி.கி." என்று இருந்தால் அது கூட்டு மாத்திரை. நம் ஊரில் இந்தக் கூட்டு மாத்திரை ஏராளமாகப் புழங்குகிறது. குளோனசிபாம் படபடப்பைச் சட்டென்று அடக்கும், தூக்கம் தரும். முதல் சில வாரத்தைக் கடக்கப் பயன்படும். ஆனால் பழக்கமாவது அதுதான். மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பு அதைக் கேட்கும், ஞாபகம் மங்கும், வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுவார்கள். மனச்சோர்வு மாத்திரை அடிமையாக்குகிறது என்று ஊரில் பேசப்படுவதில் பாதிப் பழி, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த இந்தக் குளோனசிபாமுக்குப் போக வேண்டியது. பழைய சீட்டிலேயே வருடக்கணக்கில் கூட்டு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தால், தனி மாத்திரைக்கு எப்போது மாறலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். திடீரென்று விட்டுவிடாதீர்கள். குளோனசிபாமைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

தனி மனச்சோர்வு மாத்திரைக்கு ஏக்கம் வராது, போதை கிடையாது, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசையும் வராது. நிறுத்தும்போது தொல்லை வரும் என்பது மட்டும் உண்மை. அது அடுத்த கேள்வி.

நன்றாகிவிட்டேன். நிறுத்திவிடலாமா?

முதல்முறை மனச்சோர்வு வந்தவர்கள், முழுதாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பதுதான் வழக்கம். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ. தேறியதற்குக் காரணமே மாத்திரையாக இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், அழுகை, கெட்ட கனவு, காய்ச்சல் வருவதுபோன்ற உடம்பு வலி வரலாம். தலைக்குள் சுரீர் என்று கரண்ட் அடிப்பதுபோல இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள், கண்ணைத் திருப்பும்போது அதிகமாகத் தெரியும். மூளைக்குச் சேதம் எதுவுமில்லை, ஆனால் பயமுறுத்தும். பராக்செட்டினும் வென்லாஃபாக்சினும் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுவதால் அவற்றில் இது கடுமை. ஃபுளுவாக்செட்டின் வாரக்கணக்கில் தங்கித் தானாகவே மெல்ல இறங்கும், அதில் குறைவு.

வியாதி திரும்பி வருகிறதா, நிறுத்தியதால் வரும் தொல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறுத்திய சில நாளில், உடம்புக் கோளாறுகளோடு சேர்ந்து வந்து, மாத்திரையைத் திரும்பப் போட்டதும் ஓரிரு நாளில் அடங்கினால் அது நிறுத்தியதன் தொல்லை. வாரங்கள் கழித்து, பழைய சோர்வு பழைய முகத்தோடு மெல்ல ஏறினால் வியாதி.

குறைக்கும்போது படிப்படியாக, வாரங்களிலோ மாதங்களிலோ குறைக்க வேண்டும். வருடக்கணக்கில் எடுத்தவருக்கு இன்னும் மெதுவாக. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 20 மி.கி.யிலிருந்து 10க்கு வருவது சுலபமாக இருந்தவருக்கு 5லிருந்து பூஜ்யத்துக்கு வருவது கஷ்டமாக இருக்கும். மூளையில் சிறிய அளவே பெரும்பகுதி வேலையைச் செய்வதால் கடைசிப் படிதான் செங்குத்து. அங்கே அவசரப்படாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது நல்ல குறைப்பு முறை கிடையாது. குறிப்பாக வென்லாஃபாக்சினில் ஒருநாள் விட்டாலே உடம்பு ஒரு குட்டி நிறுத்தத்தை அனுபவிக்கும். மெதுவாகக் கரையும் காப்ஸ்யூலை நீங்களாகப் பிரித்துப் பொடியைக் கொட்டி அளக்கவும் வேண்டாம்.

ஒரு வேளை மாத்திரை போட மறந்துவிட்டேன்.

நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரட்டையாக வேண்டாம்.

மழைக்காலத்தில் மருந்து கிடைக்காவிட்டால்?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்போது பால் பாக்கெட்டுக்கே அலைந்தோம், மருந்துக்கடை எங்கே திறந்திருக்கும்? பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தண்ணீர் வடிந்ததும் முதலில் எங்கள் கடைக்குத்தான் வந்தார். வென்லாஃபாக்சின் தீர்ந்து நான்கு நாளாம். தலை சுற்றி, ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்டோபர் கடைசியில் டாக்டரைப் பார்க்கும்போதே பத்துப் பதினைந்து நாளுக்குக் கூடுதலாக எழுதி வாங்கி, ஜிப் கவரில் போட்டுப் பரணில் வையுங்கள், சீட்டின் புகைப்படம் போனில் இருக்கட்டும். ஆனால் வீட்டில் யாருக்காவது தற்கொலை எண்ணம் இருந்தால் கூடுதல் இருப்பு வேண்டாம். அங்கே மாத்திரை பொறுப்பான ஒருவர் கையில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் அளவுக்கு மீறினால் இதயத்தையே நிறுத்தக்கூடியது.

அப்பாவுக்கு 72 வயது. மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் குழப்பமாகப் பேசுகிறார்.

வயசாகிவிட்டது என்று விடாதீர்கள். இந்த மாத்திரைகள் வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடலாம். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற நீர் மாத்திரையும் எடுத்தால் வாய்ப்பு இன்னும் கூடும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம், முற்றினால் வலிப்பு. சோடியம் பரிசோதனை எந்த லேபிலும் செய்வார்கள், அன்றைக்கே முடிவு கிடைக்கும். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பு சூடு என்று லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிக்க வைப்பது இங்கே நிலைமையை மோசமாக்கும்.

புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின் ஒத்துவராது. சிறுநீர் அடைத்துக்கொள்ளும், மலச்சிக்கலும் வாட்டும். இதயக் கோளாறு இருந்தால் எஸ்சிட்டலோபிராமுக்கு முன் ஈசிஜி எடுக்கச் சொல்வார்கள். வென்லாஃபாக்சினில் ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்க்க வேண்டும்.

வேறு என்ன மருந்தோடு சேர்க்கக் கூடாது?

நீங்கள் மனச்சோர்வு மாத்திரையில் இருப்பதை பல் டாக்டர் முதல் எலும்பு டாக்டர் வரை எல்லோரிடமும் சொல்லுங்கள். மறைக்கும் இடத்தில்தான் சிக்கல் வருகிறது. வலிக்குத் தரும் டிரமடால், சில தொற்றுகளுக்குத் தரும் லினசோலிட், வறட்டு இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தோர்பான், இவை சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறிப்போகலாம். உடம்பு நடுங்கி, தசை துடித்து, வேர்த்துக் கொட்டி, காய்ச்சலோடு பதற்றமும் வந்தால் 108ஐக் கூப்பிட வேண்டும்.

ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். மலம் கறுப்பாகப் போனால் உடனே காட்டுங்கள். தலைவலி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். டெங்கு சீசனில் எல்லோருக்குமே அதுதான் விதி. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்குப் பராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் இரண்டும் அதன் பலனைக் குறைக்கும். இரண்டு டாக்டரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், ஆன்லைன் மூலிகை மாத்திரை எல்லாவற்றையும் இதே பட்டியலில் சேருங்கள்.

காபி? சரக்கு? விரதம்?

ஃபில்டர் காபியை யாரும் பறிக்கப் போவதில்லை. படபடப்பும் நடுக்கமும் இருக்கும் வாரங்களில் மாலைக் காபியை மட்டும் விடுங்கள். ஃபுளுவாக்சமின் எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அது காஃபினை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் பிடித்து வைக்கும்.

மது மனச்சோர்வையே கூட்டும். தூக்கம் தரும் மாத்திரையோடு, குறிப்பாகக் குளோனசிபாமோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். கல்யாண வீட்டில் குடிப்பதற்காக அன்று மாத்திரையை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தவறு சேர்ந்தால் ஒரு சரி ஆகாது.

ரமலான் நோன்புக்கோ சஷ்டி விரதத்துக்கோ தடையில்லை. தினம் ஒரு வேளை மாத்திரைதான் என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றிக்கொள்ளலாம். லித்தியம் எடுப்பவர் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தண்ணீர் இல்லாத நோன்பு இருக்கக் கூடாது.

கர்ப்பமாக இருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது.

மாத்திரையை இன்றைக்கே நிறுத்தாதீர்கள், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். கவனிக்காத மனச்சோர்வும் தாயையும் குழந்தையையும் பாதிக்கும். பராக்செட்டினைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது என்பதால் பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு அதை அதிகம் எழுதுகிறார்கள்.

எப்போது பயப்பட வேண்டும்?

25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் சில வாரமும், அளவு மாறும்போதும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இந்த வயதில் சிலருக்கு ஆரம்பத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004ல் சிறுவர்களுக்கும், 2007ல் 24 வயது வரையிலான இளைஞர்களுக்கும் இந்த எச்சரிக்கையை மருந்து விவரத் தாளில் கறுப்புக் கட்டம் கட்டி அச்சிட வைத்தது. மருந்தே வேண்டாம் என்பதற்காக அதைச் சொல்லவில்லை, பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்பதற்காக. ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, திடீர்க் கோபம், விடைபெறுவதுபோன்ற பேச்சு வந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, திடீர் உற்சாகம். இரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்பில்லை, நிற்காத பேச்சு, தி.நகருக்குப் போய் கார்டு தேயும் அளவுக்குச் செலவு. வீட்டில் "நல்லாயிட்டான்" என்று சந்தோஷப்படுவார்கள். அது, சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு என்ற வியாதி, இந்த மாத்திரையால் வெளிப்படுவதாக இருக்கலாம்.

ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, மத்திய அரசின் டெலிமானஸ் எண், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 உண்டு. 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் சிநேகாவின் எண் 044-24640050.

செலவு தாங்கவில்லை. மலிவாக எங்கே கிடைக்கும்?

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். 1794ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு வரலாம். சினிமா நகைச்சுவை அந்தப் பெயருக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. பெயர் உறுத்தினால் சென்ட்ரல் எதிரில் ஜி.ஹெச்., ஸ்டான்லி இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. கடையில் வாங்குவதென்றால் மக்கள் மருந்தகத்திலும், 2025ல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் பொதுப்பெயர் மருந்துகள் கேட்டுப் பாருங்கள்.

பிராண்டு மாறினால் மருந்துப் பெயரும் மி.கி.யும் ஒன்றுதானா என்று பாருங்கள். அடிக்கடி மாற்றாமல் ஒன்றில் நில்லுங்கள்.

ஆபீசுக்குத் தெரியுமா? இன்சூரன்ஸ்?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். மாதாந்திர மாத்திரை பில் உங்கள் கையிலிருந்துதான்.

டாக்டர் ஐந்து நிமிடம்தான் தருகிறார். எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது?

காலண்டரிலேயே குறியுங்கள். எந்தத் தேதியில் ஆரம்பித்தது, மாத்திரை போட்ட எத்தனை மணி நேரத்தில் வருகிறது, கூடுகிறதா குறைகிறதா, அதனால் எந்த வேலை நின்றது. நான்கு வரி போதும். உங்களை அதிகம் படுத்துவதை முதலில் சொல்லுங்கள். பலர் வாய் உலர்வதில் ஆரம்பித்து, கதவைத் திறக்கும்போதுதான் "அப்புறம் டாக்டர்..." என்று முக்கியமானதைச் சொல்கிறார்கள்.

மாத்திரை மாற்றிவிட்டார்கள். பழையது இரண்டு பட்டை மீதி. என் மைத்துனிக்கும் இதே பிரச்சினைதான், கொடுக்கலாமா?

வேண்டாம். அவருக்கு இருப்பது மனச்சோர்வா, தைராய்டா, இருமுனைக் கோளாறா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முழுப் பட்டையாக, பில்லோடு இருந்தால் வாங்கிய கடையில் கேட்டுப் பாருங்கள், சில கடைகளில் திரும்ப எடுப்பார்கள். பாதி வெட்டிய பட்டையை எடுக்க மாட்டார்கள். அதிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து, பழைய காபித் தூளில் பிசைந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மைத்துனியை ஒருநாள் காலையில் உங்கள் டாக்டரிடமே அழைத்துக்கொண்டு போங்கள்.